சட்டைக் கிழிசல் தைத்த நாட்கள்

டோரதி வேர்ட்ஸ்வொர்த்தின் நாட்குறிப்புகளை 1897இல் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தவர் வில்லியம் நைட். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஒழுக்கவியல் கற்பித்த பேராசிரியர். முன்னுரையில் தன் பதிப்பு முறைக்கு ஒரு விளக்கம் தருகிறார். இந்தக் குறிப்புகளில் அற்பமான விவரங்கள் நிறைய இருக்கின்றன. அந்தக் குடும்பம் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தது என்பதற்கு அவை சாட்சி என்பது உண்மைதான். ஆனாலும் தங்கை அண்ணனின் சட்டையைத் தைத்ததையும், அண்ணன் சுள்ளி பொறுக்கியதையும், தங்கை முட்டை தேடிப் போனதையும் வரும் இடத்திலெல்லாம் அச்சிடத் தேவையில்லை. இவ்வளவு சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

ஒப்பிலக்கியத் தாளுக்காக இந்த முன்னுரையை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்தது வேறொன்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டோரதியை நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் அண்ணன் வில்லியமைத் தெரியும். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் டாஃபோடில் பூக்களைப் பற்றிய கவிதையை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள் நாம். அந்தப் பூவை நான் மட்டுமல்ல, எங்களுக்கு அதை நடத்திய ஆசிரியையும் பார்த்ததில்லை. மஞ்சளாக இருக்கும் என்பதற்கு மேல் அவரிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கவிதையில் ஒருவர் தனியாக அலைகிறார், தனியாகப் பூக்களைப் பார்க்கிறார், பிறகு தனியாகப் படுத்துக்கொண்டு நினைத்துப் பார்க்கிறார். பத்து மதிப்பெண் கேள்விக்கும் கவிஞரின் தனிமை என்றே விடை எழுதினோம்.

1802 ஏப்ரல் 15ஆம் தேதி வில்லியம் தனியாக இல்லை. நண்பர் வீட்டிலிருந்து அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை வழியாக அண்ணனும் தங்கையும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பலத்த காற்று. ஏரியோரக் காட்டில் பூக்களைக் கண்டார்கள். டோரதியின் அன்றைய குறிப்பு நீளமானது. முதலில் கொஞ்சம் பூக்கள்தான் தெரிந்தன, போகப் போக ஏரிக்கரை நெடுக ஒரு சாலையின் அகலத்துக்கு நிறைந்திருந்தன என்று எழுதுகிறார். சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லைத் தலையணையாக வைத்துச் சாய்ந்திருந்தன, மற்றவை காற்றோடு சேர்ந்து ஆடிச் சிரித்தன என்கிறார். வில்லியமின் கவிதை எழுதப்பட்டது 1804இல், வெளியானது 1807இல். ஆடுகிற பூக்கள் அதில் இருக்கின்றன. களைத்துச் சாய்ந்த பூக்கள் இல்லை. டோரதியும் இல்லை. மனக்கண்ணைப் பற்றி அதில் வரும் இரண்டு வரிகள் தன் மனைவி மேரி தந்தவை என்று வில்லியமே சொல்லியிருக்கிறார். தனிமையின் கவிதையாக நாம் படித்ததில் ஆக மொத்தம் மூன்று பேர் இருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் வகுப்பில் மாணவிகள், ‘அப்போ திருடிட்டாரா மேம்?’ என்று கேட்பார்கள். திருட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. டோரதி தன் நோட்டை அண்ணனுக்குப் படித்துக் காட்டினார். அண்ணன் படிக்கட்டும் என்றே எழுதினார். 1800 மே 14ஆம் தேதி வில்லியமும் இன்னொரு சகோதரர் ஜானும் யார்க்‌ஷயருக்குக் கிளம்பிப் போன அன்று கிராஸ்மியர் நாட்குறிப்பைத் தொடங்கினார். அவர்கள் திரும்பி வரும்வரை எழுதுவது என்று முடிவு. திரும்பி வந்ததும் வில்லியமுக்கு அது மகிழ்ச்சி தரும் என்பது ஒரு காரணம். தன்னோடு தானே சண்டை போடாமல் இருப்பதற்கு என்று இன்னொரு காரணத்தையும் சொல்கிறார். எனக்கு அந்த இரண்டாவது காரணம் முக்கியமாகப் படுகிறது. ஆறு வயதில் தாயை இழந்து, சகோதரர்களிடமிருந்து பிரிக்கப்பட்டு ஹாலிஃபாக்ஸில் உறவினர் வீட்டில் வளர்ந்தவர் அவர். அண்ணன் தம்பிகளை மறுபடி பார்க்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1799 டிசம்பரில் கிராஸ்மியரில் வாடகைக்கு எடுத்த சிறு வீடுதான், இருபத்தெட்டு வயதில், என் வீடு என்று அவர் சொல்லிக்கொள்ள முடிந்த இடம். அந்த வீட்டில் ரொட்டி சுட்டதும் பட்டாணி விதைத்ததும் துணி தேய்த்ததும் அவருக்குச் சலிப்பான செய்திகளாக எப்படி இருந்திருக்கும்?

அந்த நாட்குறிப்பின் அழகு எங்கே இருக்கிறது என்று கேட்டால், எல்லாம் ஒரே வரிசையில் வருவதில் என்பேன். பை சுட்டது, தலைவலி, நிலவு ஏரியில் கிடந்த விதம், வாசலில் வந்து நின்ற பிச்சைக்காரப் பெண்ணின் உயரம், சட்டை, மறுபடி நிலவு. இதில் எது கவிதை, எது குடித்தனம் என்று அவர் தரம் பிரிக்கவில்லை. டாஃபோடில் நாளின் குறிப்பும் பூக்களோடு முடியவில்லை. மழையில் நனைந்து விடுதிக்குப் போகிறார்கள். விடுதிக்காரம்மாவின் முகம் கடுகடுவென்று இருக்கிறது, ஆனால் அவர் சுபாவமே அதுதான் என்கிறார் டோரதி. பன்றித் தொடை இறைச்சியும் உருளைக்கிழங்கும் பிரமாதம். கிளம்பும்போது 7 ஷில்லிங் கொடுத்தோம். மேரியும் கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். 200 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காற்றையும் குளிரையும் எனக்கு நம்பும்படியாக்குவது, உண்மையைச் சொன்னால், அந்த 7 ஷில்லிங்தான்.

விலை என்றதும் அட்டை பிடிக்கும் கிழவர் நினைவுக்கு வருகிறார். 1800 அக்டோபர் 3ஆம் தேதிக் குறிப்பில் டோரதி அவரைப் பதிவு செய்கிறார். கூன் விழுந்த உடல், தோளில் கோட்டு, கையில் மூட்டை. பத்துப் பிள்ளைகள் பெற்றவர். ஒரே ஒரு மகன் தவிர எல்லோரும் போய்விட்டார்கள், மனைவியும் இல்லை. வைத்தியர்களுக்கு விற்க அட்டை பிடிப்பது தொழில். அட்டை இப்போது கிடைப்பதில்லை. முன்பு நூறு அட்டை இரண்டரை ஷில்லிங், இப்போது 30 ஷில்லிங். இரண்டு ஆண்டுகள் கழித்து வில்லியம் இதைக் கவிதையாக எழுதினார். பெரிய கவிதை, மறுப்பதற்கில்லை. அதில் கிழவர் மனவுறுதியின் வடிவமாக நிற்கிறார். விலைப்பட்டியல் போய்விட்டது. சந்திப்பின்போது பக்கத்தில் நின்ற தங்கையும் போய்விட்டார். டோரதியின் குறிப்பில் அந்த மனிதர் எதற்கும் உவமையாக இல்லை. அவர் அட்டை கிடைக்காத ஒரு கிழவர், அவ்வளவுதான்.

அண்ணனை விடத் தங்கை நன்றாக எழுதினார் என்று நிறுவ நான் வரவில்லை. இரண்டும் வேறு வகை எழுத்து. ஒன்று இலக்கியம், இன்னொன்று அதற்கான கச்சாப்பொருள் என்று வரலாறு பிரித்து வைத்ததுதான் என் வழக்கு. கச்சாப்பொருள் சில சமயம் எவ்வளவு கெட்டியானது என்பதற்கு டோரதியே ஒரு சாட்சி விட்டுச்சென்றிருக்கிறார். 1802 மார்ச் 13ஆம் தேதி மாலை வில்லியம் அந்த உயரமான பிச்சைக்காரப் பெண்ணையும் அவள் பையன்களையும் பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறார். தேநீருக்குப் பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் தான் எழுதிய குறிப்பை டோரதி எடுத்துப் படித்துக் காட்டுகிறார். உதவி செய்யத்தான். ஆனால் வில்லியமால் அந்தச் சொற்களிலிருந்து தப்பிக்க முடியவில்லை. கவிதை நின்றுபோனது, களைத்துப்போய்ப் படுக்கப் போனார். மறுநாள் காலையில்தான் முடித்தார். படித்துக் காட்டியது துரதிர்ஷ்டமாகிவிட்டது என்று டோரதி வருத்தப்பட்டு எழுதுகிறார். ஒரு கவிஞராக இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். தன் உரைநடை ஒரு பெருங்கவிஞனை ஒரு ராத்திரி முழுக்கக் கட்டிப்போட்டது என்று அதை எழுதியவருக்குத் தோன்றவே இல்லை.

சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில கவிஞர்களின் பெயர் கிடைக்கவில்லை. அதனால் அந்தந்தக் கவிதையின் தொடரையே பெயராக வைத்துவிட்டார்கள்: செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார். ஆளைத் தொலைத்தாலும் சொல்லுக்கு உரிமை கொடுத்தார்கள். டோரதிக்கு நடந்தது தலைகீழ். 1815இல் வில்லியமின் தொகுப்பில் டோரதியின் மூன்று கவிதைகள் சேர்ந்தன. பெயருக்குப் பதிலாக, ஆசிரியரின் தோழி ஒருவர் என்று இருந்தது. 1818 அக்டோபரில் டோரதி, மேரி பார்க்கர் என்ற தோழியோடு, இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்காஃபெல் பைக்கின் உச்சிக்கு ஏறினார். அப்போது அவருக்கு வயது 46. அதைப் பற்றி எழுதிய கடிதத்தை வில்லியம் தன் ஏரி மாவட்ட வழிகாட்டி நூலின் 1822ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார், எழுதியவர் பெயரைச் சொல்லாமல். மலையேறியவர் வில்லியம் என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

பயணங்களுக்கு வருகிறேன். 1803 ஆகஸ்டில் வில்லியம், டோரதி, நண்பர் கோல்ரிட்ஜ் மூவரும் ஒற்றைக் குதிரை பூட்டிய திறந்த வண்டியில் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பினார்கள். ஆறு வாரம், 600 மைலுக்கு மேல். பாதி வழியிலேயே கோல்ரிட்ஜ் பிரிந்து போய்விட்டார். உடம்பு சரியில்லை, மழை வேறு. கூடாரம் இல்லையே தவிர, மற்றபடி முகாம் வாழ்க்கைதான். இருட்டுவதற்குள் கூரை கிடைக்குமா, ஈரத்துணி காயுமா, சாப்பிட என்ன கிடைக்கும் என்ற கவலையிலேயே நாள் ஓடுகிறது. காட்ரின் ஏரிக்கரையில் படகோட்டி ஒருவரின் குடிசையில் ஓர் இரவு. ஒரே கூரையின் கீழ் ஒரு கோடியில் மாடுகள். புகை சுழன்று சுழன்று அடிக்க, அதற்குள் உட்கார்ந்து காபி குடித்துக் குழந்தைகள்போல் சிரித்தோம் என்கிறார். ஆண்கள் இருவரும் வைக்கோலில் படுக்கப் போகிறார்கள். டோரதிக்குத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உமிப் படுக்கை. அந்தப் பக்கம் வீட்டார் இன்னும் தூங்கவில்லை, அடுப்பு எரிகிறது. நெருப்பு அவருக்குத் தெரியவில்லை, அதன் வெளிச்சம் மட்டும் மேலே உத்தரங்களில் ஏறி விளையாடுகிறது. பல ஆண்டுப் புகை ஏறி மெருகு போட்டதுபோல் மின்னும் உத்தரங்கள். வெளிச்சம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டே கிடக்கிறார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் விறகடுப்புச் சமையலறையின் கருத்த உத்தரம் எனக்கு ஞாபகம் வரும். கரி அப்பிய அந்த உத்தரத்தைத் துடைத்தவர்கள் யாரும் அதை அழகு என்று சொல்லிக் கேட்டதில்லை.

மேரி இந்தப் பயணத்தில் இல்லை. முதல் குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வண்டியில் ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்தது, வீட்டில் இன்னொரு பெண் தொட்டிலோடு இருந்ததால். டோரதி இதை மறக்கவில்லை. பயண நினைவுகளை அவர் எழுதியதே, தங்களோடு வந்திருக்க வேண்டிய, வர முடியாமல் போன சில நண்பர்களுக்காக என்று ஒரு கடிதத்தில் சொல்கிறார். ஊர் திரும்பிய பிறகு, வீட்டு வேலைக்கும் குழந்தைக்கும் நடுவே விட்டுவிட்டு எழுதினார். 1805 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் தலைவராயிருந்த ஜான் கடலில் மூழ்கி இறந்தபோது எழுத்து நின்றது. அந்த மே மாதக் கடைசியில்தான் முடித்தார். அச்சுக்கு வந்தது 1874இல். டோரதி இறந்தது 1855இல்.

அவர் ஏன் உயிரோடிருக்கும்போது வெளியிடவில்லை? கூச்சம், அடக்கம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நூலாசிரியர் என்று தன்னை நிறுத்திக்கொள்வதே பிடிக்கவில்லை என்று 1810இல் தோழி கேத்தரின் கிளார்க்சனுக்கு எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கடிதம் எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். 1808 மார்ச்சில் கிராஸ்மியரைச் சேர்ந்த ஜார்ஜ் கிரீன், சாரா கிரீன் என்ற ஏழைத் தம்பதி பனிப்புயலில் மலைமேல் வழி தவறி இறந்தார்கள். அநாதையான பிள்ளைகள் எட்டுப் பேர். பெற்றோர் திரும்பாத அந்த நாட்களில் வீட்டிலிருந்த சின்னக் குழந்தைகளைப் பதினொரு வயது ஜேன் பார்த்துக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் பணம் திரட்டிப் பிள்ளைகளுக்கு வீடு தேடினார்கள். டோரதியும் அதில் ஒருவர். நடந்ததை அவர் எழுதி வைத்தார். வெளியிடச் சொன்னபோது மறுத்தார்: அந்தப் பிள்ளைகள் உயிரோடிருக்கிறார்கள், ஊராரின் வேடிக்கைப் பொருளாகிவிடுவார்கள், முப்பது நாற்பது ஆண்டுகள் போகட்டும். இதை அடக்கம் என்று மட்டும் எப்படிச் சொல்வது? அடுத்தவர் துயரத்தைத் தன் புத்தகமாக்கத் தயங்கிய ஒருவரின் நிதானம் அது. அந்தக் கட்டுரை 1936 வரை அச்சேறவில்லை.

ஒன்றைச் சொல்லாவிட்டால் டோரதியைத் தேவதையாக்கிய பழி எனக்கு வரும். ரொட்டி சுட்டும் பட்டாணி விதைத்தும் மலை ஏறவும் எழுதவும் அவருக்கு நேரம் இருந்ததென்றால், பக்கத்து வீட்டு மாலி ஃபிஷர் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் வந்து அடுப்பு மூட்டிப் பாத்திரம் தேய்த்ததும் ஒரு காரணம். வாரக் கூலி 2 ஷில்லிங். ஏரிக்கரை விடுதியில் ஓர் இரவுக்கு அண்ணனும் தங்கையும் கொடுத்தது 7. மாலி நமக்குத் தெரிவது டோரதியின் எழுத்தில் மட்டும்தான். அவர் கையால் எழுதிய நோட்டு எதுவும் நம்மிடம் இல்லை.

நைட்டின் கத்தரிக்கோலுக்குத் திரும்புகிறேன். கிராஸ்மியர் நோட்டுகள் பிழைத்துக்கொண்டன. 1941இல் எர்னஸ்ட் டி செலின்கோர்ட் மூலத்திலிருந்து விரிவான பதிப்பைக் கொண்டுவந்தார். பிறகு வந்தவர்கள் இன்னும் நிரப்பினார்கள். 1932இல் டோரதியைப் பற்றிய கட்டுரையைத் தன் தொகுப்பில் சேர்த்த வர்ஜீனியா வுல்ஃபுக்குக்கூடப் படிக்கக் கிடைத்தது நைட் வெட்டிய பிரதிதான். ஆனால் அதற்கும் முந்தைய நாட்குறிப்பு ஒன்று உண்டு. 1798 ஜனவரி முதல் மே வரை, அல்ஃபாக்ஸ்டன் வீட்டில், கோல்ரிட்ஜும் வில்லியமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஆங்கிலக் கவிதையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த மாதங்களில் எழுதியது. அதன் கையெழுத்துப் படி நைட்டுக்குப் பிறகு காணாமல் போய்விட்டது. இன்று நம்மிடம் இருப்பது அவர் அச்சிட்டது மட்டும். அதில் நிலவு இருக்கிறது, மரங்கள் இருக்கின்றன, நடந்த பாதைகள் இருக்கின்றன. சட்டையும் முட்டையும் எத்தனை நாட்களில் இருந்தன, எந்த நிலவுக்குப் பக்கத்தில் இருந்தன என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

கோபத்துக்குப் பிறகு எனக்கு வந்தது என்ன என்று சொல்கிறேன் என்றேன். அம்மா ஜவுளிக்கடைகள் இலவசமாகக் கொடுக்கும் டைரிகளில் எழுதிவந்தார். அவர் போன பிறகு, ஆளுக்கொரு பிரதி வேண்டும் என்று அண்ணனும் அக்காவும் கேட்டதால் நான் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். பால் கணக்கு, சலவைக்குப் போட்ட துணி, சிலிண்டர் வந்த தேதி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். யாரும் என்னை விடச் சொல்லவில்லை. படிப்பவர்களுக்கு அலுக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். முனைவர் பட்டத்துக்குப் பெண் எழுத்தை ஆய்வு செய்தவள் நான்.

டைரிகள் நல்லவேளையாகப் பரண் மேல் இருந்தன. 1989 ஜூலையில் குடும்பத்தோடு வேன் பிடித்துக் குற்றாலம் போனோம், பதினொரு பேர், மூன்று நாள். அந்தப் பக்கங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பால் மூன்று நாள் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. மண்ணெண்ணெய் 3 லிட்டர். புளிக்காய்ச்சல் பெரிய டப்பாவில் ஒன்று. ஜமுக்காளம் 4. இரண்டாம் நாளின் கீழே அம்மாவின் சாய்ந்த எழுத்தில் இப்படி இருக்கிறது: ‘ஐந்தருவி. எல்லாரும் குளிக்கப் போனார்கள். நான் ஸ்டவ் பக்கம். சாரல் ஸ்டவ் வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றேன். பருப்பு வேக நேரமானது.’

நான் தட்டச்சு செய்த படியில் அந்த நாளுக்கு இருந்தது இவ்வளவுதான்: ‘ஐந்தருவி போனோம். நல்ல சாரல்.’